முதல் வாரம் வலது பக்கம் காலி

சென்ற மாதம் பிந்து என் வீட்டுக்கு வந்து பதினொரு குறிப்பேடுகளைச் சாப்பாட்டு மேசைமேல் இறக்கி வைத்தாள். ஒரு காலத்தில் என்னிடம் படித்தவள். நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஆசிரியர் பயிற்சி நிலையத்தில் இப்போது விரிவுரையாளர்.

"டீச்சரே, இதை ஒண்ணு நோக்கித் தரணும். பயிற்சிக்குப் போன பிள்ளைங்க எழுதின சிந்தனைக் குறிப்பு. மார்க் போட எனக்குக் கை வரலை."

புரட்டினேன். 'இன்றைய வகுப்பில் மாணவர்களின் பன்முகத் திறன்களைக் கண்டு வியந்தேன். ஓர் ஆசிரியராக என்னை நானே மீள்பரிசோதனை செய்துகொண்டேன்.' அடுத்ததைத் திறந்தேன். அவளும் வியந்திருந்தாள். பதினொரு பேர், ஐந்து பள்ளிக்கூடங்கள், ஒரே வியப்பு.

"போன்கிட்ட சொன்னா எழுதிக் கொடுத்துடுது டீச்சர்."

"என் காலத்துல சீனியர் அக்காகிட்ட வாங்கிக் காப்பி அடிச்சாங்க. போன் எவ்வளவோ தேவலை. பதிலுக்குப் பரோட்டா கேக்காது."

பிந்து சிரித்தாள். பிறகு வந்த காரியத்தைச் சொன்னாள். வகுப்பறையை எப்படிப் பார்ப்பது, பார்த்ததை எப்படி எழுதுவது என்று பயிற்சி மாணவிகளுக்கு நான் இரண்டு மணிநேரம் வகுப்பெடுக்க வேண்டும். ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரையும் தர வேண்டும். "கண்டது–தோன்றியது முறை டீச்சர் கொண்டுவந்ததல்லே? அதைத் திரும்பத் தொடங்கலாம்னு பிரின்சிபல் சொல்றார்."

அந்த முறையை நான் கொண்டுவரவில்லை. நான் கொண்டுவந்தது அதன் அச்சிட்ட படிவத்தை மட்டும். வகுப்பெடுக்க மாட்டேன் என்றேன், கட்டுரைக்கு ஒப்புக்கொண்டேன். இதுதான் அது. நிலையத்தைப் பெயர் சொல்லாமல் விட்டிருக்கிறேன், ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

என் சொந்தப் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இரண்டு வருஷத்தில் கரும்பலகையில் கோணாமல் எழுதவும், சார்ட்டில் மாம்பழம் வரையவும் கற்றுக்கொண்டேன். பிறகு தமிழ் வகுப்புகள் உள்ள பள்ளிகளில் எட்டு வருஷம் பாடம் நடத்தினேன். தமிழ்ப் பிரிவு மாணவிகளுக்கு ஆள் வேண்டும் என்று என்னைப் பயிற்சி நிலையத்துக்கு மாற்றினார்கள். நாகர்கோவில் பக்கத்திலிருந்து எப்போதோ எல்லை தாண்டி வந்து கரமனையில் தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையது. மலையாளத்தில் ஆபீஸும் தமிழில் சமையலும் பழகியவள் என்பதால் பொருத்தமான ஆள் என்று நினைத்திருப்பார்கள்.

அங்கே தலைவராக இருந்தவர் குறுப்பு ஸார். குட்டையான மனிதர், வெள்ளை அரைக்கைச் சட்டை, சட்டைப்பையில் இரு முனையும் சீவிய ஒரே பென்சில். ஒரு முனை சிவப்பு, மறுமுனை நீலம். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. வகுப்பைப் பார்வையிடப் போனால் கடைசி வரிசையில் பிள்ளைகளின் பெஞ்சிலேயே உட்காருவார். நாற்காலி கொண்டுவந்து போட்டால், "நான் அத்யக்ஷன் ஒந்நும் அல்ல" என்று அதைத் திருப்பி அனுப்புவார். கூட்டத்துக்குத் தலைமை தாங்க வரவில்லை என்று அர்த்தம். செருப்பைக் கழற்றி பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு, முதல் பத்து நிமிடம் எதுவும் எழுத மாட்டார்.

நான் சேர்ந்த முதல் வாரம் என்னையும் ஒரு மாணவியைப் போலத்தான் நடத்தினார். நிலையத்தின் வாசலில் நின்று, வந்து நிற்கும் பஸ் ஒன்றைப் பார்த்து ஐந்து வரி எழுதி வரச் சொன்னார். 'கண்டக்டர் கோபமாக இருந்தார்' என்று தொடங்கினேன். ஸார் பென்சிலின் சிவப்பு முனையைக் 'கோபம்' மேல் வைத்தார்.

"இது கண்டதோ, தோன்னியதோ?"

"கண்டதுதான் ஸார். முகத்திலேயே தெரிஞ்சுது."

"முகத்தில் எந்து கண்டு?"

மறுபடி எழுதினேன். 'கண்டக்டர் இடது கையால் தாடையைப் பிடித்திருந்தார். யாருக்கும் பதில் சொல்லவில்லை. மணிக்கயிற்றை மூன்று முறை இழுத்தார்.' ஸார் படித்துவிட்டுத் தலையாட்டினார்.

"அவன் என்டெ அயல்வாசியா. பல்லுவேதன. ராவிலெ முதல் கரச்சிலா."

பல்வலி. காலையிலிருந்து அழுதுகொண்டிருந்த மனிதரை நான் கோபக்காரர் ஆக்கியிருந்தேன். அதற்குப் பிறகு அந்த முறையைப் பற்றி எனக்குச் சந்தேகமே வரவில்லை. சந்தேகம் வராததுதான் என் கோளாறு என்று தெரிய இருபது வருஷம் ஆயிற்று.

முறை மிக எளிது. குறிப்பேட்டில் இடது பக்கம் கண்டது, வலது பக்கம் தோன்றியது. பயிற்சி மாணவி கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வேறொருவர் நடத்தும் வகுப்பைக் கவனிப்பாள். கண்ணுக்கும் காதுக்கும் எட்டியதை மட்டும் இடது பக்கம் எழுத வேண்டும். 'சுறுசுறுப்பான பையன்' கிடையாது. 'இரண்டு முறை பெஞ்சைத் தாண்டிக் குதித்தான்' உண்டு. முதல் வாரம் முழுவதும் வலது பக்கம் காலியாகவே இருக்க வேண்டும். இரண்டாம் வாரம்தான் அங்கே கை வைக்கலாம். ஒரு வாரம் பார்ப்பதற்குள் ஒரு பிள்ளையைப் பற்றி முடிவு கட்டாதே என்பதுதான் அதன் பொருள். வலது பக்கத்தைத் திறந்துவிட்டால் முதல் நாளே 'மந்தமான மாணவன்', 'வீட்டுச் சூழல் சரியில்லை' என்று எழுதித் தள்ளுவார்கள். ஆசிரியர்களான நமக்குத் தீர்ப்பு எழுதுவதில் எப்போதும் ஓர் ஆசை உண்டு.

ஆனால் முறைக்கு இன்னொரு பாதியும் இருந்தது, அது எந்தத் தாளிலும் இல்லை. சாயங்காலம் நான்கு மணிக்குக் குறிப்பேடுகளை மூடச் சொல்லிவிட்டு, குறுப்பு ஸார் பள்ளி வராந்தாவில் மாணவிகளோடு சாயா குடிப்பார். ஒவ்வொருத்தியிடமும் ஒரே கேள்வி: "எழுதாத்தது எந்தெங்கிலும் உண்டோ?" எழுதாமல் விட்டது ஏதாவது உண்டா? அப்போது யாரும் எதையும் சொல்லலாம். தோன்றியது, பயந்தது, அபத்தம், எல்லாம். ஒருமுறை ஒருத்தி, மூன்றாவது வரிசைப் பையன் கழுத்தைச் சொறிந்துகொண்டே இருந்தான், ஏதோ சரியில்லை என்று தோன்றியது என்றாள். ஸார் மறுநாள் காலையில் போய்ச் சட்டைக் காலரைத் தூக்கிப் பார்த்தார். சிக்கன்பாக்ஸ். பையனை வீட்டுக்கு அனுப்பினார். பத்துப் பதினைந்து நாள் கழித்து அந்த மாணவிக்கும் வந்தது. "கவனிப்புன்னா இப்படி இருக்கணும்" என்று விடுதியில் அவளைக் கேலி செய்தார்கள்.

குறுப்பு ஸார் ஓய்வுபெற்றதும் குறிப்பேட்டுப் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் அதை ஒழுங்குபடுத்தினேன். எட்டு விதிகள் எழுதி, அச்சிட்டு, ஒவ்வொரு குறிப்பேட்டின் முதல் பக்கத்திலும் ஒட்டச் செய்தேன். நான்காம் விதி: முதல் வாரம் வலது பக்கம் காலியாக விடப்பட வேண்டும். ஏழாம் விதி: பொறுப்பாசிரியர் திருத்திய பின் குறிப்புகள் வேறொரு ஏட்டில் திருத்தப் பிரதியாக எழுதப்பட வேண்டும். மதிப்பெண் திருத்தப் பிரதிக்குத்தான். நான்கு மணிச் சாயாவை எந்த விதியிலும் சேர்க்க முடியவில்லை. அதைச் சரிபார்க்க வழியில்லை, மதிப்பெண் கொடுக்க வழியில்லை, மாணவிகளுக்குப் பாறசாலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. அது தானாகவே நின்றுபோனது. என் படிவத்தைப் பார்த்துவிட்டு வேறு இரண்டு நிலையங்கள் நகல் கேட்டு வாங்கின. எனக்குப் பெருமையாக இருந்தது.

ஜெபராணி அந்த வருஷங்களில் வந்தவள். பாறசாலைப் பக்கத்துப் பெண். கூச்சம் அதிகம், பேசும்போது தாவணி நுனியைச் சுருட்டிக்கொண்டே இருப்பாள், ஆனால் கண் கூர்மையானது. அவளை ஓர் அரசு ஆரம்பப் பள்ளியின் தமிழ் இரண்டாம் வகுப்பில் போட்டிருந்தேன். ஹோட்டல் வேலைக்கும் கட்டட வேலைக்கும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள்தான் பாதிப்பேர். அவர்களில் ஒருத்தி மாரிச்செல்வி. அப்பா கொத்தனார். அம்மா பேச்சியம்மாள் ஒரு ஹோட்டல் அடுக்களையில் காய் நறுக்குபவள்.

முதல் வாரத்தின் புதன்கிழமை நானும் பார்வையிடப் போயிருந்தேன். வகுப்பாசிரியை பழைய காலண்டர் தாளைச் சுருட்டிக் குழாய் செய்து, அதன் வழியே ஒரு கண்ணால் பார்த்து, தெரிவதைச் சொல்லும் விளையாட்டு நடத்தினார். நல்ல வகுப்பு. கடைசி பெஞ்சில் ஜெபராணி எழுதிக்கொண்டிருந்தாள், பக்கத்தில் நான், எனக்குப் போட்ட நாற்காலியில். ஆமாம், நான் நாற்காலியை ஏற்றுக்கொள்வேன். நாற்பது நிமிடம் அங்கே இருந்தேன். மாரிச்செல்வி எனக்கு நான்கு கைத் தூரத்தில் இருந்தாள். அவள் என்ன செய்தாள் என்று இன்று வரை என்னால் சொல்ல முடியாது. நான் பார்த்தது ஜெபராணி எழுதுவதை. கோடு போட்டிருக்கிறாளா, நேரம் குறித்திருக்கிறாளா, இடது பக்கத்தை விட்டு வெளியே போகிறாளா.

வகுப்பு முடிந்ததும் மரத்தடியில் ஆறு மாணவிகளின் குறிப்பேடுகளையும் திருத்தினேன். ஜெபராணி இப்படி எழுதியிருந்தாள்: 'மாரிச்செல்வி குழாயை வலது கண்ணில் வைத்துப் பார்த்தாள். டீச்சர் அடுத்த கண்ணால் பார்க்கச் சொன்னார். இடது கண்ணில் வைத்தாள், உடனே வலது கண்ணுக்கு மாற்றினாள். மூன்று தடவை இப்படி. இவளுக்கு இடது கண் தெரியவில்லை.'

கடைசி வாக்கியத்தைச் சிவப்புப் பென்சிலால் வெட்டினேன்.

"ஜெபராணி, இது கண்டதா, தோன்றியதா?"

"குழாயை மாத்தினது கண்டது டீச்சர். கண்ணு தெரியலன்னது..." தாவணி நுனி சுருண்டது. "தோன்றியது."

"பின்னே இடது பக்கத்துல அதுக்கென்ன வேலை?"

"அப்போ வலது பக்கம் எழுதட்டுமா டீச்சர்?"

"இது எத்தனாவது வாரம்?"

"முதல் வாரம்."

"நாலாம் விதி என்ன சொல்லுது?"

"காலியா விடணும்." பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், "ஆனா டீச்சர், அந்தப் பிள்ளை டெஸ்குல போயி இடிச்சுக்கிட்டா. நான்..."

"நீ டீச்சருக்குப் படிக்க வந்தியா, கண் டாக்டருக்குப் படிக்க வந்தியா?"

மற்ற ஐந்து பேரும் சிரித்தார்கள். எனக்கும் அந்த வாக்கியம் பிடித்திருந்தது. பின்னால் இரண்டு மூன்று வகுப்புகளில் அதைப் பயன்படுத்தியதாக ஞாபகம்.

விதிப்படி அவள் செய்திருக்க வேண்டியது, அந்த ஒரு வாக்கியத்தை இரண்டாம் வாரம் வலது பக்கத்துக்குக் கொண்டுபோவது. ஆனால் இரண்டாம் வாரம் மாணவிகளை வேறு பள்ளிக்கு மாற்றுவது எங்கள் வழக்கம். அந்த வழக்கத்தையும் நான்தான் ஏற்படுத்தினேன், பல பள்ளிகளைப் பார்க்கட்டும் என்று. நான்காம் விதியும் அந்த வழக்கமும் சேர்ந்தால் முதல் வாரத்துப் பிள்ளைகளுக்கு வலது பக்கமே கிடையாது என்பது எட்டு விதிகளை எழுதிய எனக்கு உறைக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. கேட்பதற்கான நான்கு மணியும் இல்லை.

அந்த வருஷக் கடைசியில் ஜெபராணியின் திருத்தப் பிரதிக்குத்தான் முதல் மதிப்பெண். மணி மணியான கையெழுத்து. 'மிக நன்று' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மாதிரிக் குறிப்பேடாகக் கண்ணாடி அலமாரியில் வைத்தோம். அடுத்தடுத்து வந்தவர்கள் அதைப் பார்த்துத்தான் எழுதினார்கள்.

மூன்று வருஷம் கழித்து அதே பள்ளிக்கு வேறொரு குழுவோடு போயிருந்தேன். அன்று அங்கே கண் பரிசோதனை முகாம். வராந்தாவில் வரிசையாகப் பிள்ளைகள், சுவரில் எழுத்து அட்டை. ஒரு சிறுமியின் வலது கண்ணை நர்ஸ் கைக்குட்டையளவு அட்டையால் மறைத்து, "மேலே இருந்து வாசி மோளே" என்றார். சிறுமி தலையை இப்படியும் அப்படியும் திருப்பினாள். பிறகு கேட்டாள்: "எழுத்து அட்டை எங்க இருக்கு சிஸ்டர்?"

வரிசையில் நின்ற பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நர்ஸ் சிரிக்கவில்லை. தாளைப் பார்த்து, "மாரிச்செல்வி, அஞ்சு பி" என்று டாக்டரிடம் சொன்னார்.

பெயர் எங்கோ இடித்தது. நிலையத்துக்குத் திரும்பியதும் அலமாரியைத் திறந்து மாதிரிக் குறிப்பேட்டை எடுத்தேன். புதன்கிழமை, இரண்டாம் வகுப்பு, காலண்டர் குழாய். வகுப்பாசிரியை இருந்தார், மற்றப் பிள்ளைகள் இருந்தார்கள். மாரிச்செல்வி இல்லை. நான் வெட்டியது ஒரு வாக்கியத்தை. ஜெபராணி முழுவதையும் எடுத்துவிட்டிருந்தாள்.

அவள் அப்போது ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். போன் செய்தேன். நான் திருத்திய பழைய ஏடு இருக்கிறதா என்றேன். வீட்டில் இருக்கிறது என்று தேடிப் படித்துக் காட்டினாள். கேட்கக் கேட்க என் சிவப்புக் கோடு போகும் திசைகூட ஞாபகம் வந்தது.

"திருத்தப் பிரதியில ஏன் முழுசையும் எடுத்தே? குழாயை மாத்தினது கண்டதுதானே?"

"டீச்சர் கோபப்பட்டீங்க. அதனால எல்லாமே தப்புன்னு நெனச்சேன்." பிறகு என்னைச் சமாதானப்படுத்தும் குரலில் சொன்னாள்: "டீச்சர் வெட்டினது சரிதான். கண்ணு தெரியலங்கறது தோன்றியதுதானே? நானும் இப்போ என் பிள்ளைங்க எழுதினதை அப்படித்தான் வெட்டறேன்."

நான் அவளுக்கு எவ்வளவு நன்றாகச் சொல்லிக் கொடுத்திருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த வாரம் பேச்சியம்மாளையும் மாரிச்செல்வியையும் நானே கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். காலையில் சீட்டு எழுதி, கண்ணில் மருந்து விட்டு, மத்தியானம்வரை இருந்தோம். டாக்டர் நிதானமாக விளக்கினார். கண்ணில் பெரிய கோளாறு இல்லை. அதற்குச் சின்ன வயதிலேயே கண்ணாடி வேண்டியிருந்தது. கிடைக்காததால் மூளை அந்தக் கண் காட்டுவதைக் கவனிப்பதை விட்டுவிட்டது. ஆறு ஏழு வயதில் கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினம் சில மணிநேரம் மறைத்து வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இப்போது முயலலாம், ஆனால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். பிறகு அவர் கேட்டார்: "இத்ர நாள் ஆரும் ஸ்ரத்திச்சில்லே?" இவ்வளவு நாள் யாருமே கவனிக்கவில்லையா?

நான் வாயைத் திறப்பதற்குள் பேச்சியம்மாள் பதில் சொன்னாள்.

"நாங்க விடியுமுன்னே வேலைக்குப் போற ஆளுக, சார். எங்களுக்கு என்ன தெரியும்? இந்த டீச்சரம்மாதான் கண்டுபிடிச்சு, சொந்தப் பிள்ளை மாதிரி கூட்டிட்டு வந்திருக்காவ."

டாக்டர் என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். நான் மறுக்கவில்லை. 'அப்படியெல்லாம் இல்லை' என்று தன்னடக்கமாக ஏதோ சொன்னேன். உண்மையைச் சொல்லும்போதே அது பொய்யாகும்படிச் சொல்ல முடியும் என்று அன்று கற்றேன்.

ஒரு வருஷம் கண்ணாடி போட்டார்கள், நல்ல கண்ணில் ஒட்டுப் போட்டார்கள். அட்டை எங்கே என்று தெரிந்தது, மேல் எழுத்தும் தெரிந்தது. அதற்குக் கீழே போகவில்லை. மற்றபடி அவள் ஒற்றைக் கண்ணிலேயே நன்றாகப் படித்தாள். அப்பாவுக்குத் துறைமுகக் கட்டுமானத்தில் வேலை கிடைத்ததும் குடும்பம் விழிஞ்ஞத்துக்குப் போய்விட்டது. ஆனால் பேச்சியம்மாள் என்னை விடவில்லை. ஓணத்துக்கும் பொங்கலுக்கும் ஒரு தூக்குப் பாத்திரத்தோடு பஸ் ஏறி வந்துவிடுவாள். மகள் பேருக்கு அர்ச்சனை செய்யும்போதெல்லாம் என் பேரையும் சொல்வதாக ஒருமுறை சொன்னாள். என் நட்சத்திரத்தைக் கேட்டாள். சொன்னேன்.

அதற்குப் பிறகு நான்காம் விதியை மாற்றினேனா என்று பிந்து கேட்கக்கூடும். ஒரு வரி சேர்த்தேன்: 'அவசரமெனில் பொறுப்பாசிரியரிடம் வாய்மொழியாகத் தெரிவிக்கலாம்.' எது அவசரம் என்று யாருக்கும் தெரியாது, எனக்கே தெரிந்திருக்கவில்லையே. ஓய்வுபெறும்வரை ஒருத்தியும் எதையும் தெரிவிக்கவில்லை. என்னிடம் வந்து எதையும் சொல்லத் தோன்றாதபடி என்னை நான் வடிவமைத்திருந்தேன். மாதிரிக் குறிப்பேட்டை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இந்த வருஷம் மாரிச்செல்வி தனியாக வந்தாள். இருபது வயது ஆகப்போகிறது, பாலிடெக்னிக் முடித்துவிட்டாள். மத்தியான வெயிலில் வந்தவளுக்கு மோர் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்திருந்தாள். துறைமுகத்தில் கிரேன் இயக்கும் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தாளாம். அவள் தெருவில் இரண்டு பெண்கள் ஏற்கெனவே அந்த வேலையில் இருக்கிறார்கள். கண்ணாடி அறையில் உட்கார்ந்து கப்பலிலிருந்து பெட்டி பெட்டியாக இறக்குகிறார்களாம். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள், நேர்முகத்தில் தேறிவிட்டாள்.

"மெடிக்கல்ல தள்ளிட்டாங்க டீச்சர். ரெண்டு கண்ணும் வேணுமாம். ஒரு கண்ணால பார்த்தா ஆழம் கரெக்டா தெரியாதாம்."

"வேற வேலை..." என்று ஆரம்பித்தேன்.

"வேற வேலை கிடைக்கும். அதில்லை. அங்க டாக்டர் சொன்னார், சின்னதுலயே நோக்கியிருந்தா இது சரியாயிருக்குமேன்னு. நான் ஸ்கூல்ல தானே இருந்தேன் டீச்சர்? தினமும் போனேன். இத்தனை டீச்சர்மார் இருந்தாங்க. ஒருத்தர் கூடப் பார்க்கலையா?"

குற்றம் சாட்டும் குரல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"பார்த்தாங்க," என்றேன்.

பிறகு சொன்னேன். யார் பார்த்தார்கள், என்ன எழுதினார்கள், யார் வெட்டியது, என்ன சொல்லிக் கேலி செய்தது. கேலியை விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அதையும் சொன்னேன். மோர்க் கிளாஸை மேசையில் வைத்துவிட்டு அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று எழுத மாட்டேன். முகம் அசையவில்லை, ஒரு தடவை மூச்சை இழுத்துவிட்டாள், அவ்வளவுதான் நான் கண்டது.

"அந்தச் சேச்சி பேரு என்ன?"

ஜெபராணியின் பெயரையும் எண்ணையும் கொடுத்தேன். போனில் பதிந்துகொண்டாள்.

"அம்மாகிட்ட இதைச் சொல்ல வேண்டாம் டீச்சர்."

"நானே சொல்றேன். அதுதான் முறை."

"வேண்டாம்னு சொன்னேன்லே." முதல் தடவையாகக் குரல் உயர்ந்தது. "அம்மாவுக்கு இந்த ஊர்ல ஒரே ஒரு ஆள்தான் நல்லது செஞ்சிருக்குன்னு நெனப்பு. அதையும் எடுத்துக்காதீங்க. உங்களுக்கு மனசு லேசாகும், அம்மாவுக்கு?"

எழுந்து போய்விட்டாள்.

இந்தக் கட்டுரையை எழுதலாமா என்று அவளுக்குச் செய்தி அனுப்பிக் கேட்டேன். இரண்டு நாள் கழித்து ஒரு வரி வந்தது: 'பேரை மாத்திக்கோங்க.' பேச்சியம்மாளுக்குப் படிக்க வராது என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பிந்து கேட்டதற்கு என் பதில் இது. படிவத்தைத் திரும்பக் கொண்டுவருவதானால் கொண்டுவரட்டும், அது கெட்ட படிவம் இல்லை. கண்டக்டர்களுக்குப் பல்வலி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதற்கு முன் நான்கு மணிக்கு ஒரு பெஞ்சையும் சாயாவையும் ஏற்பாடு செய்யட்டும், பொறுப்பாசிரியர் அதில் கடைசியாகப் பேசட்டும். குறிப்பேட்டைத் திருத்துகிறவர் முதலில் பிள்ளைகளைப் பார்க்கட்டும். இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வகுப்பெடுக்க ஏன் மறுத்தேன் என்பது இப்போது புரிந்திருக்கும்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை பேச்சியம்மாள் போன் செய்தாள். வழக்கமான விசாரிப்பெல்லாம் முடிந்தது. என் முழங்கால் வலி, அவள் வீட்டுக்காரரின் இருமல். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"டீச்சரம்மா, ஒண்ணு கேக்கணும். பொங்கலுக்கு உங்க வீட்டுக்குப் போவோம் வாடின்னா இவ வரமாட்டேங்கா. உங்க பேரெடுத்தாலே எந்திரிச்சுப் போயிருதா. அன்னைக்கு வந்தப்போ வேலை கிடைக்காத ஆத்திரத்துல உங்களை ஏதும் மரியாதையில்லாமப் பேசிட்டாளோ?"

"இல்லை பேச்சியம்மா. நல்லாத்தான் பேசினா."

"நீங்க சொல்ல மாட்டீய, உங்க குணம் எனக்குத் தெரியும்," என்றாள். "சின்னப் பிள்ளை, மனசுல வச்சுக்கிடாதீங்க. அவளுக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன்."

சரி என்றேன்.